எட்டை இரண்டாக்கும் பெட்டி

பவுன்ஸை ஓன் பண்ணிவிட்டு ரெக்கோட் பட்டனை அழுத்தி, ஆறு ட்ராக்கும் இரண்டு ட்ராக்காக இறங்குவதை ஹெட்போனில் தொடக்கம் முதல் கடைசி வரை கேட்பதைப்போல ஒரு சுகம் இசைப்பதிவில் வேறு கிடையாது. பாட்டு ஐந்து நிமிடம் என்றால் பவுன்ஸும் ஐந்து நிமிடம்தான். ஓட்டிவிட முடியாது. நடுவில் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போகவும் மனசு வராது. வேறு வேறு நாளில், வேறு வேறு ஆள் அடித்ததும் பாடியதும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உடம்பாகிற அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன்.

என்னிடம் இருப்பது ஸூம் ஆர்8. 2011இல் வந்த மொடல், என் கைக்கு வரும்போதே ஒரு கை மாறியது. ஒரே நேரத்தில் இரண்டு ட்ராக் பதியலாம், எட்டு ட்ராக் ஓடவிட்டுக் கேட்கலாம். மைக் இரண்டு உள்ளேயே இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்றாக. நான்கு டபுள் ஏ பெட்டரியில் ஓடும், எஸ்டி கார்டில் எழுதும். 24 பிட்டில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 எம்பி பிடிக்கும். எட்டு ட்ராக்கும் நிறைந்த நான்கு நிமிடப் பாட்டு 250 எம்பி வரும். 32 ஜிபி கார்ட் ஒன்றில் நூறு பாட்டுக்கு மேல் அடங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் தோட்டத்தில் தெரிந்த பாட்டெல்லாம், காமன் கூத்து, தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலையில் பாடுகிறது எல்லாம் சேர்த்து, சட்டைப் பைக்குள் வந்துவிடும்!

இதை எங்கே இருந்து சொல்கிறேன் என்பதைச் சொன்னால்தான் என் சந்தோஷம் உங்களுக்குப் புரியும். எங்கள் வட்டவளை இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். தென்மேற்குப் பருவம் பிடித்துவிட்டால் கினிகத்தேனையிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸின் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. லயத்துக் காம்பராவுக்கு மேலே தகரம். தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறவர் குரலே இஸ்தோப்புக்கு வராது; மைக் என்ன செய்யும்? எல்லாரையும் கூட்டி வைத்து ஒரே மூச்சில் பதிவதாக இருந்தால் ஜனவரி, பெப்ரவரி வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

மல்டிட்ராக் அந்தக் காத்திருப்பையே இல்லாமல் செய்துவிட்டது. மழை கொட்டும்போது கீபோர்டைக் கேபிளில் நேராகப் பெட்டிக்குள் கொடுக்கிறேன். சுருதி, பாஸ் எல்லாம் அந்த நேரத்து வேலை. கேபிளுக்குள் மழைச்சத்தம் நுழையாது. தகரம் அதிர அதிர நான் சுத்தமான சுருதி பதிந்துகொண்டிருப்பேன். மழை விட்டதும் மைக். தப்பும் குரலும் அந்தக் கால்மணிக்கும் அரைமணிக்கும் உரியவை. நடுவில் ரயில் வந்தால் அது ரொசல்ல பக்கம் தாண்டும் வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்துக்கு நாலடி முன்னால் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். இப்படிச் சின்னச் சின்னத் துண்டு நேரங்களைப் பொறுக்கி ஒரு முழுப் பாட்டாக்குகிற சாமானை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கரண்ட் இல்லாத காலமும் இதற்கு ஒரு பொருட்டில்லை. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரைக்கும் வெட்டினார்களே, அந்த நாட்களை மறக்க முடியுமா? லயத்தில் ஒரு டிவி ஓடாது. எங்கள் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மற்ற நாளில் பக்கத்து வீட்டு நாடகத்து வசனம் முழுக்க என் மைக்கில் விழும். அந்த இருட்டு இரவுகளில் டோர்ச்சை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, நான்கு பெட்டரியில் நாங்கள் பதிந்த தாலாட்டுக்கு இணையான சுத்தம் அதற்கு முன்னால் எனக்குக் கிடைத்ததில்லை. பெட்டரியில் ஓட்டினால் இன்னொரு லாபம், சுவர் பிளக்கிலிருந்து வருகிற அந்த உம்மென்ற இரைச்சல் அடியோடு போய்விடும். இப்போது கரண்ட் இருக்கும்போதும் குரல் பதிய பெட்டரிதான் போடுகிறேன்.

சரி, மொனிட்டரிங். பவுன்ஸைப் பற்றிப் பேச வந்தவன் இதைச் சொல்லாமல் நகர முடியாது. எது காதில் விழுகிறதோ அதை வைத்துத்தான் எதை ஒட்டுவது, எவ்வளவு ஒட்டுவது என்று முடிவெடுக்கிறோம். ஹெட்போனில் வருவது பொய்யாக இருந்தால் பவுன்ஸும் பொய்யாகத்தான் இறங்கும்.

இந்தப் பெட்டியில் என்னை மயக்கிய விஷயம் ஒன்று உண்டு. பதியும்போது ஃபேடர் காதுக்கு மட்டும்தான். மேலே தள்ளினாலும் கீழே இழுத்தாலும் கார்டில் எழுதப்படுவது மாறாது. எழுதப்படும் அளவைத் தீர்மானிப்பது இன்புட்டில் இருக்கிற கெயின் குமிழ் மட்டுமே. ஆகவே பாடுகிறவர் "தப்பு ரொம்பச் சத்தமா கேக்குது தம்பி" என்றால் பயமில்லாமல் தப்பு ஃபேடரைக் குறைத்துக் கொடுக்கலாம். "எங்குரல் கோயில்ல பாடுற மாதிரி கேட்டா நல்லாருக்கும்" என்றால் ரிவேர்ப் கொஞ்சம் திறந்துவிடலாம். சென்ட் வழியாகப் போகிற அந்த எதிரொலி அவர் காதுக்குள் நிறைந்து நிற்கும். ட்ராக்கில் வெறும் குரல்தான் பதியும். ஆனால் பவுன்ஸ் என்று வந்துவிட்டால் இதே ஃபேடரும் பேனும் ரிவேர்ப்பும் அப்படியே எழுத்தாகிவிடும். அதே ஃபேடர், அதே விரல். ஒரு நேரம் சும்மா கேட்க, இன்னொரு நேரம் நிரந்தரமாக எழுத. இந்த வித்தியாசம் மண்டைக்குள் இறங்கிய நாளிலிருந்து நான் வேறு ஆள்.

அடுத்தது தாமதம். கம்ப்யூட்டரில் மலிவான இன்டர்பேஸ் வைத்துப் பதிந்தவர்களுக்குத் தெரியும், அடித்த அடி காதுக்குத் திரும்பிவரச் சற்று நேரமாகும். 20 மில்லிசெக்கன் என்றால் காற்றில் சத்தம் ஏறத்தாழ 7 மீற்றர் பயணப்படுகிற நேரம். குரலுக்கு அதைச் சகித்துக்கொள்ளலாம், தப்புக்கு முடியாது. நாங்கள் மெட்ரோனோம் போடுவதில்லை, அதுவும் இதில் சேர்த்தி. காமன் கூத்துத் தப்பு ஒரே வேகத்தில் போகாது. மன்மதன் தகனம் நெருங்க நெருங்க ஓட்டம் பிடிக்கும். அந்த ஓட்டத்தை க்ளிக் சத்தத்தில் கட்டிப் போடுவது பாவம். அப்படியென்றால் இரண்டாவது தப்பு முதலாவது தப்பை ஹெட்போனில் கேட்டு, அதன் மூச்சைப் பிடித்துப் பின்னாலேயே ஓட வேண்டும். தனிப் பெட்டியில் அது கைகூடுகிறது, அடித்ததும் கேட்கிறது.

எங்கள் லயத்துப் பெரியப்பா ஒருவர் ஒரு காலத்தில் பிரட்டுக்குத் தப்படித்தவர். விடியற்காலையில் ஆட்களைக் கூப்பிட அவர் கைத் தப்புத்தான். அவருக்கு ஹெட்போன் மாட்டுவதே பெரிய பாடாக இருந்தது. முதல் அடுக்கை ஹெட்போன் இல்லாமலே அடித்தார், உள் மைக் இரண்டையும் ஒன்று, இரண்டு ட்ராக்கில் ஸ்டீரியோவாகக் கட்டிப் பதிந்தேன். பிறகு ஹெட்போனை மாட்டி அவர் அடித்ததையே இடப்பக்கம் தள்ளிப் போட்டுக் காட்டி, "இதுக்குப் பதில் அடிங்க பெரியப்பா" என்றேன். வலப்பக்கத்துக்கான அடியைத் தொடங்கினார். பாதியில் குச்சி நின்றுவிட்டது. "எங் காதுக்குள்ளயே ரெண்டு பேரு அடிக்கிறாங்கப்பா!" என்று சிரித்தார். அதற்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றவே இல்லை. மூன்றாவது அடுக்கும் வேண்டும் என்று அவரே கேட்டார்.

தப்புப் பதிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஈரத்தில் தோல் நொடியில் தளர்ந்துவிடும். கடதாசியும் தேயிலை மிலாறும் போட்டு நெருப்பு மூட்டி, தோலைக் காட்டி, அது 'டங்' என்று விறைத்த பிறகுதான் ரெக்கோட் அழுத்த வேண்டும். ஒரு டேக் முடிவதற்குள் சுருதி இறங்க ஆரம்பிக்கும். முதல் அடுக்கு விறைப்பாகவும் இரண்டாவது தொளதொளப்பாகவும் இருந்தால் பவுன்ஸில் அது ஒட்டாமல் தனியாகத் தெரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னால் மறுபடி நெருப்பு. ஹெட்போனில் பழைய தப்பை ஓடவிட்டு, காய்ச்சிய தப்பைத் தட்டிப் பார்த்து இரண்டும் ஒரே குரலில் பேசுகிறதா என்று சோதிப்பது எனக்கு மிகப் பிடித்த வேலை.

காமன் பாட்டுக்கு இப்போது ஆறு ட்ராக் நிறைந்துவிட்டது. ஒன்றும் இரண்டும் முதல் தப்பு, மூன்றும் நான்கும் இரண்டாவது, ஐந்தில் மூன்றாவது, ஆறில் ஜால்ரா. ஏழையும் எட்டையும் ஸ்டீரியோவாகக் கட்டி, அங்கே இறக்கு என்று பவுன்ஸுக்குச் சொல்கிறேன். முதலில் பதிவில்லாமல் ஒரு ஓட்டம். ஆறு சத்தம் சேரும்போது தனித்தனியே அமைதியாக இருந்தவை கூடிச் சிவப்பு விளக்கைத் தொடும். எல்லா ஃபேடரையும் சேர்த்துக் கீழே இறக்கி, உச்சத்தில் ஒரு 6 டெசிபல் இடம் விடுகிறேன். 24 பிட்டில் அந்த இடத்தை விடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது. ரிவேர்ப்பை முழுக்க மூடிவிடுகிறேன். குரல் வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய கோயிலுக்குள் நிற்க வேண்டும் என்று தெரியும். சுருதியை இதில் சேர்ப்பதே இல்லை. பாடுகிறவர் கேட்டபடி கூட்டிக் குறைக்க அது தனியாக இருக்க வேண்டும்.

பிறகு அழுத்துகிறேன். பெட்டி ஓடுகிறது. என் விரல் மூன்றாவது ஃபேடரில். தகனத்துக்கு முந்திய திருப்பத்தில் இரண்டாவது தப்பை ஒரு மயிரிழை மேலே ஏற்றுகிறேன், அந்த ஏற்றமும் சேர்ந்தே எழுதப்படுகிறது. ஆறு ட்ராக்கும் இப்போது இரண்டு. அந்த இரண்டையும் முதல் இடத்துக்கு மாற்றிவைத்தால் மீதி ஆறு இடமும் காலி! குரலுக்கு ஒன்று, கூட்டுக்குரலுக்கு நாலு, சுருதிக்கு ஒன்று. அந்தக் காலி இடங்களைப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சி இருக்கிறதே, அதைச் சொல்லித் தீராது.

உலகத்துப் பெரிய பாட்டுகளே இப்படி உருவானவைதான். 1951இல் லெஸ் போலும் மேரி ஃபோர்டும் 'ஹவ் ஹை த மூன்' பாட்டைச் செய்தபோது மல்டிட்ராக்கே அவர்கள் கையில் இல்லை. முன்பு பதிந்ததை ஓடவிட்டு, அதன் மேலேயே அடுத்ததை ஏற்றி ஏற்றிப் போனார்கள். ஓர் இடம் பிசகினால் கீழே இருந்த எல்லாம் போச்சு. 1967இல் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' பெரும்பாலும் நாலு ட்ராக் ஸ்டூடர் மெஷினில் பதிந்தது. நாலு நிறைந்ததும் அதை இன்னொரு மெஷினுக்குச் சுருக்கி இறக்கி, இடம் பண்ணி, மேலே தொடர்ந்தார்கள். நாலே நாலு ட்ராக்! 1979இல் டாஸ்காம் கம்பனி கசெட்டிலேயே நாலு ட்ராக் பதிகிற போர்டாஸ்டூடியோவைக் கொண்டுவந்தது. அதில் வீட்டில் உட்கார்ந்து புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பதிந்தவை 1982இல் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாகவே வெளிவந்தன. டேப்பில் ஒவ்வொரு பவுன்ஸுக்கும் ஸ் என்ற இரைச்சல் ஒரு படி கூடும், மேல்சத்தம் மங்கும். அவ்வளவு கஷ்டத்தில் அவர்கள் எடுத்த முடிவுகளை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. டிஜிட்டலில் பவுன்ஸ் பண்ணுவதால் ஸ் சத்தம் புதிதாக முளைக்காது. ஆனால் மைக்கில் ஏற்கெனவே விழுந்தது கூடும். ஒரே அளவு இரைச்சலுள்ள எட்டு ட்ராக்கைச் சேர்த்தால் இரைச்சல் 9 டெசிபல் ஏறிவிடும். அதனால்தான் தூறல் மிச்சமிருக்கும்போது குரல் பதிய நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு ட்ராக்கில் தூறல் அழகாகத்தான் இருக்கும், எட்டில் அது ஓடை. இன்னொன்று, இதுதான் எனக்குத் தங்கம்: பவுன்ஸ் ஆனது புதிய ஃபைலாகப் போய் உட்காருகிறது, பழைய ஆறும் கார்டில் அப்படியே இருக்கின்றன. துணிந்து முடிவெடுக்கலாம், வேண்டுமானால் திரும்பியும் போகலாம்.

குரலுக்கு வருவோம். பாட வந்த பாட்டிக்கு இரண்டு காதும் மூடினால் சுருதி நழுவும். தன் குரலைக் காற்றில் கேட்டுப் பழகியவர். ஒரு காதைத் திறந்துவிட்டால் அந்தப் பக்கத்து ஹெட்போனிலிருந்து தப்பு கசிந்து மைக்கில் விழும். அதற்கு வழி, பதியும்போது எல்லா ட்ராக்கின் பேனையும் மூடிய காதுப் பக்கமே திருப்பிவிடுவது. திறந்த பக்கம் ஊமையாகிவிடும். பவுன்ஸில் பேனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் சரி. இப்படிப் பாடவைத்தபோது பாட்டி கண்ணை மூடிக்கொண்டு, யாரோ ஒரு தப்புக்காரன் தோளோரமாக நிற்பதைப்போலத் தலையை அந்தப் பக்கம் சாய்த்துப் பாடினார். முதல் டேக்கே போதும் என்றிருந்தது. இருந்தாலும் இன்னும் மூன்று முறை பாடச் சொன்னேன், கேட்கும் ஆசையில்!

சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று எங்கள் பாட்டுகளைத் திரட்டிப் புத்தகமாகத் தந்தார். வட்டகொடைப் பக்கம் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் எழுதிவைத்ததால்தான் எத்தனையோ பாட்டின் சொல் மிஞ்சியது. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு தாகம் வரும்: இதை எந்த வேகத்தில் பாடினார்கள், எந்த இடத்தில் இழுத்தார்கள், தப்பு எங்கே உள்ளே வந்தது? கடதாசியில் அது நிற்காது. பெட்டியில் நிற்கிறது, அதிலும் பிரிந்து நிற்கிறது. தப்பு தனி, குரல் தனி. நாளைக்கு ஒரு பிள்ளை தப்பு பழக வேண்டுமென்றால் ஐந்தாவது ட்ராக்கை மட்டும் திறந்துவிட்டுக் குச்சியின் ஒவ்வொரு அடியையும் பிடித்துக்கொள்ளலாம். பிறகு அதை மூடிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அந்த இடத்தைத் தானே அடிக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போதே என்னிடம் அப்படித்தான் பழகுகிறார்கள்.

கடைசிச் சோதனை ஹெட்போனுக்கு வெளியே. எங்கள் பாட்டு கேட்கப்படுகிற இடம் எது? மாரியம்மன் திருவிழாவில் மரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர், ஹட்டன் பஸ், ஆட்டோ, எல்லாவற்றுக்கும் மேலாகப் போன். இவற்றில் பாஸ் என்பது பேருக்குத்தான். இடம் வலம் என்று நான் பார்த்துப் பார்த்துப் பிரித்துவைத்தது குழாய் ஸ்பீக்கரில் ஒன்றாகிவிடும். சில நேரம் ஒன்றையொன்று தின்றும்விடும். அதனால் ஸ்டீரியோக் கட்டை அவிழ்த்து, எல்லா பேனையும் நடுவுக்குக் கொண்டுவந்து, மோனோவாக ஒரு தடவை கேட்காமல் நான் எந்தப் பாட்டையும் முடித்துவிடுவதில்லை. அப்படிக் கேட்டபோதுதான் அந்தக் காமன் பாட்டில் இரண்டாவது தப்பு ஜால்ராவுக்குள் புதைவது தெரிந்தது. கூத்துக்காரர்களைக் கூப்பிட்டு இஸ்தோப்பில் போனில் போட்டுக் காட்டினேன். பெரியப்பாவும் அதையேதான் சொன்னார்: "அந்தப் பக்கத்துத் தப்பு எங்கப்பா?" கார்டில் பழைய ஆறு ட்ராக்கும் இருந்தனவே. திரும்பிப் போய் ஜால்ராவை இறக்கி, இரண்டாவது தப்பை ஏற்றி, மோனோவில் புதிதாக ஒரு பவுன்ஸ் இறக்கினேன்.

இப்போது இரண்டு பாட்டாக இருக்கிறது. குழாய் ஸ்பீக்கருக்கும் போனுக்கும் மோனோ. தோட்டத்தில் கைக்குக் கை சுற்றுவது அதுதான், கூத்துக்காரர்களுக்கும் அதுதான் உயிர். ஸ்டீரியோவைக் கேட்க வேண்டுமானால் எங்கள் லயத்துக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். மழை விட்டிருந்தால் ஒரு பாட்டுப் பாடிவிட்டும் போகலாம், இடம் இருக்கிறது.